பால்குடத்தை இறக்கிவைத்த வருடம்

வெயிலைப் பற்றிப் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஹைதராபாத்தில் இருக்கும் எங்கள் அலுவலகம் மாவட்ட அதிகாரிகளுக்கும் சுகாதார ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறது. வெப்ப அலை வருவதற்கு முன் மக்களிடம் என்ன சொல்ல வேண்டும், யார் சொல்ல வேண்டும், எப்படிச் சொன்னால் காதில் ஏறும் என்று கற்றுத்தருவது என் வேலை. பருவநிலை மாற்றம் என்ற சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது. பங்குனி பிறந்தால் தலைக்கு மேல் வேலை. அதனால் செகந்திராபாத்தில் என் புகுந்த வீட்டார் சித்திரை மாதம் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கும் நாளில் நான் கம்மத்திலோ அதிலாபாத்திலோ ஏதாவது ஒரு ஏசி அரங்கில் நின்று, வெயிலில் வெளியே போகாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

அந்தக் கோயில், ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வேலைக்கு வந்த வட ஆற்காட்டுக் குடும்பங்கள் சேர்ந்து கட்டியது. இன்றைக்கு அந்தக் குடும்பங்களில் ஒர்க்‌ஷாப் வேலையில் இருப்பவர்கள் அபூர்வம். பிள்ளைகள் நாம் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறார்கள். ஆனால் சித்திரை வந்துவிட்டால் எங்கே இருந்தாலும் எல்லோரும் கோயில் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

என் கணவரின் அக்காவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். நான் திருநெல்வேலிக்காரி என்பதால் எனக்கு அவர் மதினி. குஷாய்குடா பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து, சூப்பர்வைசராகி, யூனியனிலும் குரல் கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு அறைக்குள் வந்தால் மற்றவர்கள் தானாகவே நிமிர்ந்து உட்காருவார்கள். அதைவிடப் பெரிய விஷயம், பால்குட ஊர்வலத்தில் ஒவ்வொரு வருடமும் அவருக்கு அருள் வரும். அப்போது அவர் சொல்லும் வாக்கைக் கேட்க வரிசை நிற்கும். பெண்ணுக்கு எந்த வரன், பையனுக்கு எந்த வேலை, வீட்டை விற்கலாமா கூடாதா, எல்லாம் அங்கேதான் முடிவாகும். நான் நம்பினேனா என்று கேட்டால் நம்பவில்லை. சிரித்ததும் இல்லை, ஏனென்றால் மதினியைப் பார்த்துச் சிரிக்கும் தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

போன வருடம் ஒரு பயிற்சி கடைசி நேரத்தில் ரத்தாகி, நானும் முதன்முதலாக ஊர்வலத்தில் நடந்தேன். காலை பதினொரு மணிக்குக் குடங்கள் கோயிலிலிருந்து கிளம்பின, ஒரு சுற்று போய் அங்கேயே திரும்ப வேண்டும். மஞ்சள் புடவை, தலையில் பால் நிறைந்த பித்தளைக் குடம், அதன் வாயில் வேப்பிலை, வெறுங்கால். வழியில் வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்று குடம் தூக்குகிறவர்களின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று என் கணவர் சொல்லியிருந்தார். நான் பார்த்த பாதையில் மேம்பாலத்தின் தூண்களும் அடுக்குமாடிகளின் மதிலும்தான் இருந்தன. காலில் தண்ணீர் ஊற்ற வாசல் எங்கே இருக்கிறது? வாட்ச்மேன் நாற்காலிதான் இருந்தது. செருப்பு போட்டிருந்த எனக்கே தாரின் சூடு உள்ளங்கால் வரை ஏறியது.

பாலத்தைத் தாண்டியதும் மதினி தள்ளாடினார். கண்கள் மேலே செருகின. உடனே பம்பைக்காரர் அடியைக் கூட்டினார், பெண்கள் குலவையிட்டார்கள், யாரோ கற்பூரத்தைக் கொளுத்தி அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். சாமி வந்துவிட்டது என்று சுற்றிலும் ஆட்கள் நெருங்கிக்கொண்டார்கள். அவர் வாய் எதையோ முணுமுணுத்தது. கூட்டத்தை இடித்துக்கொண்டு கிட்டே போய்க் கேட்டேன்.

"இறக்குங்க... இறக்குங்க..."

கோயில் போய்ச் சேரும்வரை குடம் கீழே இறங்கக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. அருள் வந்தவள் இறக்கச் சொன்னால், அம்மன் நம் பக்தியைச் சோதித்துப் பார்க்கிறாள் என்று அர்த்தமாம். அதனால் இரண்டு பெண்கள் கண்ணீர் வழிய, அந்தக் குடத்தை அவர் தலையில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர் கையைத் தொட்டேன். தோசைக்கல் மாதிரி சுட்டது, ஒரு பொட்டு வியர்வை இல்லை. தள்ளாட்டம், பேச்சுக் குழறல், காய்ந்த தோல் என்று ஊர் ஊராகப் படம் போட்டுக் காட்டி நான் பாடம் எடுப்பது இதைத்தான்.

குடத்தைப் பிடுங்கினேன். பால் முழுக்க ரோட்டில் கொட்டியது. பம்பை நின்றது. பக்கத்து மோர்ப்பந்தலில் இருந்த தண்ணீர்க் கேனை அப்படியே எடுத்து அவர் தலையில் கவிழ்த்தேன். அழுதபடி, கத்தியபடி, யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டியபடி ஓர் ஆட்டோவை நிறுத்தினேன். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளைப் பார்த்திருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அவர் பிழைத்து வீட்டுக்கு வந்தார். வந்த பிறகு அந்த நாளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கோயில் பக்கம் போனால் மட்டும், பாலைக் கொட்டினவள் வருகிறாள் என்ற பார்வை என் மேல் விழும். ஆடியில் கமிட்டி மாறியபோது மதினியைத் தலைவியாக்கினார்கள். அதற்கு முன் அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. அம்மனே ஆஸ்பத்திரி வரை கூடப் போய் அவரைத் திருப்பிக் கூட்டிவந்தாள் என்று பேசிக்கொண்டார்கள். ஆட்டோ பிடித்தவளை அம்மன்கூட மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

மாசி மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். இந்த வருடம் பிப்ரவரியிலேயே ஃபேன் இல்லாமல் உட்கார முடியவில்லை.

"மதினி, இந்த வருசம் ஊர்வலத்த விடியக்காலம் அஞ்சு மணிக்கு வச்சிருவோம். நீங்கதான தலைவி, சொன்னா கேப்பாங்கல்லா."

"நக்கோ, வேணாம். டைம மாத்துனா கைக்கு, எதுக்குன்னு கேப்பாங்க."

"வெயிலுன்னு சொல்லுங்க."

"வெயிலுன்னு சொன்னா, அப்ப போன வருசம் உனக்கு வந்தது இன்னான்னு கேப்பாங்க. அதுக்கு இன்னா சொல்லட்டும், நீயே சொல்லு."

சங்கதி எனக்கு அப்போதுதான் புரிந்தது. நேரத்தை மாற்றும் அதிகாரம் அவருக்கு வந்ததே அந்த அருளால்தான். அது அருள் இல்லை என்று சொன்னால்தான் நேரத்தை மாற்ற முடியும். இந்த வருடமும் பதினொரு மணிக்கே குடம் எடுக்கப் போவதாக அவர் சொன்னார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிற உடம்பு. இன்னொரு தடவை ஆட்டோ கிடைக்குமா என்று நினைத்தேன். பயத்தில் கோபம்தான் வந்தது. டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

மதினி சொல்லாவிட்டால் என்ன, நானே சொல்கிறேன் என்று கமிட்டியிடம் அனுமதி வாங்கினேன். ஆபீஸ் புரொஜெக்டரைக் கோயில் மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். உலகம் சூடாவதைக் காட்டும் சிவப்பு வரைபடம், இரவுகளும் குளிராமல் போவது, தார் ரோட்டின் சூடு, உடம்பு தாங்கும் எல்லை எல்லாம் வரிசையாக வந்தன. அதிகாரிகள் கைதட்டும் உரை அது. இங்கே ஒரு பெரியவர் வரைபடத்தில் செகந்திராபாத் எங்கே என்று கடைசிவரை தேடிக்கொண்டிருந்தார். முடிந்ததும் கமிட்டிப் பொருளாளர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"நல்லா சொன்னம்மா. ஆனா நம்ம அம்மா அக்கினிக்கே சொந்தக்காரி. அவள நம்பி நடக்கிறவங்கள வெயில் இன்னா பண்ணும்?"

"ஹவ், ஹவ்" என்று ஹைதராபாத் பாணியில் ஆமாம் போட்டு எல்லோரும் தலையாட்டினார்கள். மதினி தலைவி நாற்காலியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் வீடு வரை பின்னாலேயே போனேன். அடுப்படியில் அவர் புளிக்காய்ச்சல் கிளறிக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் நின்றபடியே கத்தினேன்.

"அன்னைக்கு இறக்குங்க, இறக்குங்கன்னு அந்தக் கெஞ்சு கெஞ்சுனீங்க. இன்னைக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?"

கரண்டி நின்றது. "யாரு கெஞ்சினது?"

"நீங்கதான்."

அவருக்குத் தெரியாது. அருள் வந்தால் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. அன்றைக்கு நடந்ததும் அப்படியே அழிந்துபோயிருக்கிறது. இத்தனை மாதத்தில் நானும் சொல்லவில்லை, குடத்தை அழுத்திப் பிடித்த அந்த இரண்டு பெண்களும் சொல்லவில்லை. நடந்ததை முழுக்கச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிவிட்டது.

"யாருக்குமே காதுல விழலியா?" என்று கேட்டார்.

"விழுந்துச்சு மதினி. எல்லாருக்கும் விழுந்துச்சு. கும்புட்டாங்க."

அடுப்பை அணைத்தார். பிறகு ஒரு டப்பாவில் புளிக்காய்ச்சலை எடுத்து, தம்பிக்குக் கொடு என்று என் கையில் வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரே எல்லாக் குடும்பங்களையும் மண்டபத்துக்குக் கூப்பிட்டார். மைக் வைத்திருந்தார்கள், அதைத் தள்ளி வைத்துவிட்டார்.

"போன வருசம் எனக்கு வந்தது சாமி இல்ல. வெயில். டாக்டர் எழுதிக் குடுத்துக்கீறாரு. நான் குடத்த இறக்குங்கன்னு கெஞ்சிக்கினு இருந்திருக்கேன். நீங்கல்லாம் கும்பிட்டுக்கினு இருந்திருக்கீங்க. தப்பு உங்க மேல இல்ல. உங்க எடத்துல நான் இருந்தா நானும் கும்பிட்டிருப்பேன்."

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, எங்க அப்பா காலத்திலிருந்தே பதினொரு மணி, அதை மாற்றுவது சரியில்லை என்றார்.

"உங்க அப்பா அன்னிக்கு அர நாள் பர்மிஷன் சொல்லிட்டு ஒர்க்‌ஷாப்லருந்து வரணும்ப்பா. அதான் பதினொண்ணு. இப்ப நீ எந்த ஒர்க்‌ஷாப்லருந்து வர்ற?"

சிரிப்பு வந்தது. கொஞ்சம் இறுக்கம் தளர்ந்தது. அம்மனுக்கு வேப்பிலையும் மோரும் கூழும் எதற்கு வைக்கிறோம், அவள் குளிர வேண்டும் என்றுதானே, நாமே அவளைக் கொதிக்கிற ரோட்டில் தூக்கிக்கொண்டு அலையலாமா என்று கேட்டார். எனக்கு மெய்சிலிர்த்தது. இத்தனை வருடம் ஊர் ஊராகப் போகிறேன், இந்த வாக்கியம் எனக்குத் தோன்றியதில்லை. பொருளாளரே "ஹவ்" என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் மதினியின் பக்கத்து வீட்டுப் பெண் எழுந்தார். வருடா வருடம் வரிசையில் முதல் ஆளாக நிற்பவர்.

"அப்டின்னா இத்தினி வருசமா வந்தது இன்னாக்கா? என் பொண்ண நீ சொன்ன எடத்துலதானே குடுத்தேன்?"

அந்தக் கல்யாணம் எப்படிப் போனது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மகள் போன தீபாவளியிலிருந்து அம்மா வீட்டில்தான் இருக்கிறாள்.

மதினி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"முன்னாடி வந்தது இன்னான்னு நான் எப்டி சொல்லுவேன்? எனக்குத்தான் எதுவும் ஞாபகம் இருக்காதே. போன வருசம் வந்தது தெரியும், அத சொல்லிட்டேன். இனிமே ஒருத்தி இறக்குங்கன்னு சொன்னா இறக்கணும். சாமி சொன்னாலும் இறக்கணும், மனுசி சொன்னாலும் இறக்கணும். அவ்ளோதான்."

அந்தப் பெண் உட்காரவில்லை. மண்டபத்தை விட்டு வெளியே போனார். மதினி அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அஞ்சு மணி, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். யாரும் கை தூக்கவில்லை.

மக்கள் நம்புகிற ஒருவரைக் கொண்டு சொல்லுங்கள் என்றுதான் என் வகுப்புகளில் நான் ஆரம்பிப்பேன். சரியான யோசனைதான், அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. ஆனால் அப்படிச் சொல்லும்போது அந்த ஆள் தன் மேல் இருக்கும் நம்பிக்கையையே எடுத்துச் செலவழிக்க வேண்டிவரும், அது திரும்பி வராமலும் போகும் என்பது என் வகுப்பில் எந்த இடத்திலும் இல்லை. அதிகாரிகளிடம் அதை எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வாட்ஸ்அப்பில் நேரத்தைப் போட்டுவிடலாம் என்றேன். மதினி கேட்கவில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். நாச்சாரத்துக்கும் ஜீடிமெட்லாவுக்கும் குடிபோனவர்களின் வீடுகளுக்கும் பஸ்ஸில் போய் வந்தார். தட்டை வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. ஆள் இல்லை என்று உள்ளிருந்தே சொல்ல வைத்தவர்களும் உண்டு. பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் திறந்தார், தட்டை எடுத்துக்கொண்டார், உள்ளே வா என்று சொல்லவில்லை.

ஊர்வலத்தன்று விடியும் முன்பே கோயில் வாசல் நிறைந்துவிட்டது. போன வருடத்தைவிடச் சிலர் குறைவுதான். பாதை நெடுக ஸ்டூல் போட்டு, ஈரத் துணியும் தண்ணீரும் வைத்திருந்தோம். வேண்டுகிறவர்கள் குடத்தை ஸ்டூலில் இறக்கி வைத்துவிட்டு மறுபடி எடுக்கலாம் என்று பூசாரியே அறிவித்தார். முதல் ஆளாக இறக்கியவர் மதினிதான். மற்றவர்கள் கூச்சப்படக் கூடாது என்று அவசியமில்லாமலே இறக்கினார் என்று நினைக்கிறேன். அவருக்குப் பின்னால் வந்த பெண் ஒரு நொடி தயங்கினாள், பிறகு அவளும் இறக்கினாள்.

பாலத்தைத் தாண்டியதும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அருள் வந்தது. கையை ஓங்கிய பம்பைக்காரர் மதினியைப் பார்த்தார். மதினி தன் குடத்தை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு ஓடினார். கூட்டத்தை விலக்கினார், அந்தப் பெண்ணின் கையைத் தொட்டுப் பார்த்தார், பேர் என்ன, இது எந்த இடம் என்று காதருகே கேட்டார். என் பயிற்சியில் நான் சொல்லித்தரும் அதே வரிசை. கையில் சூடு இல்லை, கழுத்தில் வியர்வை இருந்தது. ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டு, பம்பைக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். பம்பை முழங்கியது. ஜனங்கள் அந்தப் பெண்ணின் முன்னால் வரிசை கட்டினார்கள். மதினி ஒதுங்கி நின்று வழிவிட்டார்.

வெயில் உறைக்கும் முன் எல்லாக் குடங்களும் கோயில் சேர்ந்தன. யாரும் விழவில்லை. ஒருவர் காலும் கொப்புளிக்கவில்லை. நான் சந்தோஷத்தில் யாரென்று பார்க்காமல் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். இந்த வருடம் மதினிக்கு அருள் வரவில்லை. அவரிடம் வாக்குக் கேட்கவும் யாரும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஃபேனுக்குக் கீழே தரையிலேயே உட்கார்ந்தார். மோர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"போன வருசம் வந்தது வெயில்தானே? உனக்கு நல்லாத் தெரியும்ல?"

"நல்லாத் தெரியும் மதினி. என் கையால தொட்டுப் பாத்தேன்."

"அதுக்கு முன்னாடி வந்தது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. உண்மை இன்னதென்றும் எனக்குத் தெரியாது.

"தெரியாது மதினி. அப்பல்லாம் நான் ஊர்வலத்துக்கு வரலல்லா."

அவர் என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்லவேள, நீ வரல. வந்திருந்தா அதையும் தொட்டுப் பாத்திருப்ப" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.